அட்ஜே கண்ட பாரிசு

செயின் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடப்பது பாரிசு மாநகரம். பிரெஞ்சு நாட்டின் தலைநகரமாகிய அதனைக் காணச் செல்வோரின் கண்ணை முதற்கண் கவர்வன அகன்று நீண்ட சாலைகளும், அவற்றின் இரு மருங்கும் ஒரே உயரமாய் அணிவகுத்து நிற்கும் மாளிகைகளும் ஆகும். இவை பண்டுதொட்டே அவ்வாறு இருந்தவை அல்ல. கி.பி. 1853 முதல் 1870 வரை அந்நகரின் ஆட்சித் தலைவராக விளங்கிய ஓஸ்மான் என்பவர், பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி பழைய தெருக்கள் பலவற்றை இடித்து நீக்கிப் பெருஞ்சாலைகளை அமைத்தார். அவர் பதவி நீங்கிய பின்னும் இடிக்கும் வேலை ஓயவில்லை. 1898-ஆம் ஆண்டில் நிலத்தடி இருப்புப்பாதைக்காகத் தெருக்களை அகழத் தொடங்கினர். பல நூற்றாண்டு கண்ட வீடுகளும், வளைந்து நெளிந்த சந்துகளும், முற்றத்துக் கிணறுகளும், மரப்படிகளும், இரும்பால் பூவேலை செய்த கடைப் பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து வந்தன. அவ்வாறு மறைந்துகொண்டிருந்த பழம் பாரிசின் உருவத்தை, ஒரு மரப்பெட்டியும் ஒரு கண்ணாடி வில்லையும் கொண்டு, தனி ஒருவராக நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பற்றி வைத்தவர் யூஜீன் அட்ஜே என்னும் நிழற்படக் கலைஞர்.

அட்ஜே 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியில் போர்தோ நகரை அடுத்த லிபூர்ன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வண்டி செய்யும் தொழிலாளர். மகனுக்கு ஐந்து வயது ஆகும் அளவில் அவர் இறந்தார். தாயும் விரைவிலேயே அவரைப் பின்தொடர்ந்தார். பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவனைத் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் எடுத்து வளர்த்தனர். பள்ளிக் கல்வி முடிந்ததும் அவ்விளைஞர் வணிகக் கப்பலில் வேலைக்கு அமர்ந்து கடலோடினார். ஆயினும் அவர் உள்ளம் கடலில் நிலைக்கவில்லை. நாடக மேடையில் நடித்துப் புகழ்பெற வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. 1878-ஆம் ஆண்டில் அவர் பாரிசை அடைந்தார்.

பாரிசில் அரசினர் நடத்திய நாடகக் கல்லூரியிற் சேர்வது எளிதன்று. முதன்முறை நடந்த தேர்வில் அட்ஜே தோற்றார். அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று இடம் பெற்றார். ஆனால் அக்காலத்தில் இளைஞர் அனைவர்க்கும் உரிய படைப்பணி அவரையும் அழைத்தது. பாதி நாள் படைவீரராகவும் பாதி நாள் மாணவராகவும் இருந்தவரால் பாடத்தில் ஊன்றி நிற்க முடியவில்லை. 1881-ஆம் ஆண்டில் அவர் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். பின்பு சிறு நாடகக் குழுக்களுடன் ஊர் ஊராகச் சென்று சிறிய வேடங்களை நடித்து வந்தார். அவ்வாறு திரிந்த நாளில், 1886-ஆம் ஆண்டில், வாலன்டீன் என்னும் நடிகையைக் கண்டார். அட்ஜேயினும் பத்து வயது மூத்தவராகிய அவ்வம்மையார், அன்று தொடங்கித் தம் இறுதிநாள்வரை நாற்பது ஆண்டு அவருக்கு வாழ்க்கைத் துணையாக விளங்கினார்.

நடிகருக்குக் குரலே முதற்பொருள். அம்முதற்பொருளையே நோய் பறித்துக்கொண்டது. தொண்டையில் உண்டான நோயால் 1887-ஆம் ஆண்டில் அட்ஜே மேடையை விட்டு விலகினார். பின்பு தூரிகை எடுத்து ஓவியம் தீட்ட முயன்றார்; அதுவும் கைகூடவில்லை. முப்பது வயது கடந்தும் ஒரு தொழிலிலும் காலூன்றாத மனிதர் அவர். உறவினர் எவரேனும் அந்நாளில் அவரைக் கண்டிருந்தால், இவர் இனித் தேறமாட்டார் என்றே முடிவு கட்டியிருப்பர். அந்நிலையிலேதான், 1888-ஆம் ஆண்டளவில், நாட்டின் வடபகுதியில் இருந்தபோது அவர் நிழற்படப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

1890-ஆம் ஆண்டில் பாரிசுக்குத் திரும்பிய அட்ஜே, தாம் ஓவியம் பயின்ற பட்டறிவைக் கொண்டே ஒரு புதுத் தொழிலைக் கண்டார். மரம், செடி, பூ, ஆடுமாடு, வண்டி, படிக்கட்டு, கதவு ஆகியவற்றை ஓவியர்கள் தம் படங்களில் தீட்டவேண்டியிருக்கும். அவற்றை எல்லாம் நேரிற் சென்று பார்த்து எழுதுவதற்கு எல்லோர்க்கும் நேரமும் வாய்ப்பும் இரா. அத்தகையோர்க்கு உதவும் பொருட்டு, அப்பொருள்களைத் தெளிவாக நிழற்படம் எடுத்து விற்கலானார். கலைஞர்க்கு உரிய ஆவணங்கள் இங்குக் கிடைக்கும் என்னும் பொருள்பட ஒரு பலகை எழுதித் தம் வாயிலில் மாட்டினார். அவர் தம்மைக் கலைஞர் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. தாம் எடுப்பவை ஆவணங்கள். அவற்றைக் கொண்டு கலை செய்வோர் பிறர். இதுவே அவர் கொண்ட கருத்து. 1899-ஆம் ஆண்டில் அவர் மோன்பர்னாஸ் பகுதியில் கம்பான்-பிரமியேர் என்னும் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார். அப்பலகையும் அவ்வீட்டு வாயிலில் இடம் பெற்றது.

அட்ஜே கையாண்ட கருவி எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் உழைப்பின் அருமை விளங்காது. அது மரத்தாலான பெட்டி. அதன் முன்புறத்தில் ஒரு வில்லையும், பின்புறத்தில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிப் பலகையும், இரண்டுக்கும் இடையே கொல்லன் துருத்திபோல் நீளவும் சுருங்கவும் வல்ல தோல் மடிப்பும் இருந்தன. 18 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடித் தகடுகளில் அது படம் பற்றும். பெட்டியும், அதனைத் தாங்கும் முக்காலியும், தகடுகள் அடங்கிய பையும் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும். அச்சுமையை எடுத்துக்கொண்டு அவர் தெருத்தெருவாக நடந்தார். ஐம்பது வயதிலும் நடந்தார். எழுபதை நெருங்கிய காலத்தும் நடந்தார்.

இக்காலத்துக் கருவிகளுட் பல தாமே தொலைவை அளந்து, தாமே உருவைத் தெளிவாக்கிக்கொள்ளும். அட்ஜேயின் பெட்டியில் அவ்வேலை முழுவதையும் கண்ணும் கையுமே செய்தல் வேண்டும். முக்காலியை நிறுத்திப் பெட்டியை அதன்மேல் பொருத்தியபின், அவர் ஒரு கருந்துணியைத் தலைமேற் போர்த்துக்கொண்டு பின்புறக் கண்ணாடியை நோக்குவார். எதிரே உள்ள தெரு அக்கண்ணாடியில் தலைகீழாக விழும். வலப்புறம் இடப்புறமாக மாறித் தோன்றும். தொடக்கத்தில் எல்லாம் மங்கலாகவே இருக்கும். துருத்தியைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்திவரும்போது, ஓரிடத்தில் வீட்டுச் சுவரின் கல்வரிசை கூர்மை பெறும். அதற்கு முன்னோ பின்னோ மயிரிழை அளவு நகர்ந்தாலும் அக்கூர்மை கலைந்துவிடும். அந்த ஓரிடத்தைக் கண்டு நிறுத்துவதுதான் தொழிலின் உயிர்நிலை.

அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒருங்கே தெளிவாக வேண்டுமாயின், வில்லையில் ஒளி புகும் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறிதானால் உள்ளே புகும் ஒளி குறையும்; குறையவே தகட்டை நெடுநேரம் ஒளிக்குக் காட்டவேண்டியதாகும். அதற்குள் தெருவில் நடப்பவர் நகர்ந்துவிடுவர், இலைகள் அசையும், குதிரை தலையை ஆட்டும். இதனாலேயே அட்ஜேயின் படங்கள் சிலவற்றில் மனிதர் புகைபோலத் தோன்றுகின்றனர். சுவரும் படியும் கல்லாய் நிற்க, அவற்றைக் கடந்து சென்றவர் ஆவியாய்த் தெரிவர். இதனை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று கூறுவதற்கில்லை; கருவியின் இயல்பு அது. எனினும், காண்போர் உள்ளத்தில் இனம் புரியாத ஒரு துயரம் அப்படங்களால் எழுகின்றது என்பதும் உண்மையே.

மற்றொரு நுட்பமும் உண்டு. உயரமான கட்டடத்தைப் படம் எடுப்பவர் பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால், அக்கட்டடம் பின்னே சாய்வதுபோல் படத்தில் விழும். அட்ஜே பெட்டியைச் சாய்க்கமாட்டார். பெட்டி நேராக நிற்க, முன்புறத்து வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்துவார். அப்போது சுவர்கள் நேராகவே நிற்கும். ஆனால் வில்லை வீசும் ஒளிவட்டம் தகட்டின் மேல்மூலைகளை எட்டாது போவதும் உண்டு. அதனால் அவர் படங்கள் பலவற்றின் மேல்மூலைகள் வளைந்து இருண்டிருக்கும். பிறராயின் அதனைக் குற்றம் என்று வெட்டி எறிந்திருப்பர். கட்டடம் நேராக நிற்க வேண்டும் என்பது ஒன்றே அட்ஜேயின் நோக்கமாதலின், மூலை இருண்டதைப் பற்றி அவர் கவலைகொள்ளவில்லை. அவருடைய படத்தை அடையாளம் காண இன்று அந்த இருண்ட மூலையே துணை செய்வது ஒரு வேடிக்கை.

அவர் பெரும்பாலும் விடியற்காலையிலேயே வெளியே செல்வார். கடைகள் திறவாமலும் வண்டிகள் ஓடாமலும் தெரு அமைதியாக இருக்கும் வேளை அது. சாய்ந்து வரும் காலை ஒளி சுவரின் மேடுபள்ளங்களை எல்லாம் எடுத்துக் காட்டும். படம் எடுத்து மீண்டதும், தகட்டை இருட்டறையில் வைத்து மருந்துநீரால் உருவை வெளிப்படுத்துவார். தகட்டின் ஓரத்தில் தம் கையாலேயே எண்ணைக் கீறி வைப்பார். பின்பு, முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டின்கீழ் வைத்துச் சட்டத்தில் அடைத்து வெயிலில் காயவிடுவார். பெரிதாக்குதல், சிறிதாக்குதல் எதுவும் கிடையாது; தகட்டின் அளவே படத்தின் அளவு. வெயில் மெல்ல மெல்லத் தாளில் உருவை எழுதும். அதன்பின் பொன்னுப்புக் கலந்த நீரில் அதனைத் தோய்த்து நிறம் ஏற்றுவார். இவ்வாறு வெளிவந்த படம் செம்மை கலந்த பழுப்பு நிறமாக விளங்கும்.

பழம் பாரிசை முறையாகப் பதிவு செய்யவேண்டும் என்னும் எண்ணம் 1897-ஆம் ஆண்டளவில் அவருக்கு உண்டாயிற்று. அவ்வாண்டிலேதான் நகராட்சியினரும் பழைய கட்டடங்களை ஆராய ஒரு குழுவை நிறுவினர். அழிவை நிறுத்த இயலாவிடினும், அழிவதன் உருவமாவது எஞ்சவேண்டும் என்று கருதியோர் பலர் அந்நாளில் இருந்தனர். கார்னவலே அருங்காட்சியகமும், நகர வரலாற்று நூலகமும், நாட்டு நூலகமும், நுண்கலைக் கல்லூரியும் அட்ஜேயிடம் படங்கள் வாங்கின. லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் வாங்கியது. அவர் வாழ்க்கை வறுமையின் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நடந்து வந்தது.

தெருவிலே கூவி விற்போரை அவர் முதலில் எடுத்தார். கூடை முடைவோன், பால் விற்பவள், விளக்கு மறைப்புகளைத் தோளில் சுமந்து செல்வோன், இசைப்பெட்டியைச் சுழற்றும் கிழவன் ஆகியோர் அவர் பெட்டிமுன் நின்றனர். இசைப்பெட்டிக் கிழவனின் அருகில் ஒரு சிறு பெண் நிற்கின்றாள். கிழவன் முகத்தில் களைப்பு; அப்பெண்ணோ வானை நோக்கி மலர்ந்து சிரிக்கின்றாள். தெருவில் நின்று பாடிப் பிழைப்போரின் வாழ்வு முழுவதும் அந்த ஒரே படத்தில் அடங்கியிருக்கின்றது. மேடையில் சிறு வேடம் தாங்கி ஊர் ஊராகத் திரிந்தவருக்கு அவர்கள் நிலை அயலாகத் தோன்றியிராது.

பாரிசின் ஊடே பியேவர் என்னும் சிற்றாறு ஒன்று ஓடிற்று. தோல் பதனிடுவோரும் சாயம் இடுவோரும் அதன் கரையில் தொழில் செய்தனர். கழிவு கலந்து அவ்வாறு நாற்றமடைந்தது. நகராட்சியினர் அதனைப் பகுதி பகுதியாக மூடினர். 1912-ஆம் ஆண்டில் நகருக்குள் அது முழுவதும் மூடப்பட்டுவிட்டது. மூடப்படும் முன் அட்ஜே அதன் கரையில் நின்று படம் எடுத்தார். கரையோரச் சுவர்களும், தோல்களை உலர்த்தும் மாடங்களும், அவற்றின் கீழே அசையாத கரிய நீரும் அவர் தகடுகளில் உள்ளன. அழகு கருதிச் செல்வோர் நாடும் இடம் அன்று அது. உலகம் வியந்த ஐபெல் கோபுரம் 1889 முதல் வானளாவி நின்றும், அட்ஜே அதனை நாடிச் செல்லவில்லை. நாறிய ஓடையை நாடிச் சென்றார். கோபுரம் எங்கும் போய்விடாது என்பதும் ஓடை நாளை இராது என்பதும் அவர் அறிந்தவை.

நகரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலுக்குப் புறத்தே, வீடு கட்டலாகாது என்று அரசினர் ஒதுக்கியிருந்த வெளி ஒன்று இருந்தது. கந்தல் பொறுக்கி விற்கும் ஏழை மக்கள் அங்கே குடிசையிலும் பழைய வண்டியிலும் வாழ்ந்தனர். அட்ஜே அவர்களிடமும் சென்றார். கந்தல் குவியலுக்கு நடுவே அமர்ந்திருக்கும் அம்மக்களை ஏளனமாகவோ இரக்கத்திற்கு உரியவராகவோ காட்டாமல், தம் வீட்டு வாயிலில் நிற்கும் குடும்பத்தாராகவே காட்டியுள்ளார். இவ்வாறு எடுத்தவற்றைக் கடைகள், வண்டிகள், வீட்டு உட்புறங்கள், மதிற்புறத்து மக்கள் என்று வகை பிரித்துத் தொகுதிகளாகக் கட்டி நாட்டு நூலகத்துக்கு விற்றார்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17-ஆம் நாள் பாரிசில் கதிரவன் மறைப்பு நிகழ்ந்தது. நகர மக்கள் எல்லோரும் தெருவிற் கூடினர். அன்று அட்ஜே பஸ்தீல் சதுக்கத்தில் தம் பெட்டியை நிறுத்தினார். கதிரவனை நோக்கி அன்று. கதிரவனை நோக்கிக்கொண்டிருந்த மக்களை நோக்கி நிறுத்தினார். ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடவரும் பெண்டிரும் நெருங்கி நின்று, கண்களுக்கு நேரே தடுப்புகளைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கின்றனர். ஒருவரேனும் பெட்டியைக் கவனிக்கவில்லை.

அட்ஜே வளைந்துகொடுக்கும் இயல்பினர் அல்லர். நூலகத்தார் 1906-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பணியை அவரிடம் ஒப்படைத்தனர். எதை எவ்வாறு எடுப்பது என்பதைப் பிறர் சொல்லித் தாம் செய்வது அவருக்குப் பொருந்தவில்லை. சில ஆண்டுகளில் அவ்வேலை மனக்கசப்பில் முடிந்தது. அவர் பிடிவாதத்தை முற்றிலும் புகழ்வதற்கில்லை. அதனால் வருவாய் இழந்தார். உடனிருந்த அம்மையாரும் அவ்விழப்பில் பங்குகொள்ள நேர்ந்தது. உணவிலும் அவருக்கு விந்தையான உறுதி இருந்தது. பாலும் ரொட்டியும் சர்க்கரையுமே தமக்கு உணவு என்று வரையறுத்துக்கொண்டு பல ஆண்டு வாழ்ந்தார் என்று அவருடைய நண்பர் எழுதியுள்ளார். நாடகப் பற்று மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. தொழிலாளர்க்காக நடத்தப்பட்ட கல்விக் கழகங்களில் நாடக இலக்கியத்தைப் பற்றி அவர் பேசி வந்தார்.

1914-ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டது. வாலன்டீன் அம்மையாரின் மகன் அவ்வாண்டிலேயே போர்க்களத்தில் மாண்டான். குண்டுகளுக்கு அஞ்சி அட்ஜே தம் தகடுகளை நிலவறையில் அடுக்கி வைத்தார். படம் எடுப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. போர் முடிந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பெற்ற பிள்ளை இல்லை. பயிற்றிய மாணவர் இல்லை. இருட்டில் அடுக்கியிருந்த அக்கண்ணாடிகள் தமக்குப் பின் எவர் கையில் சேருமோ, அருமை அறியாதார் கையில் அகப்பட்டுப் பாழாகுமோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. 1920-ஆம் ஆண்டில், அரசினரின் நுண்கலைத் துறைத் தலைவராகிய பால் லேயோன் என்பவருக்கு அவர் கடிதம் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமே முயன்று பழைய தெருக்களைப் பதிவு செய்தமையை எடுத்துரைத்து, தம் முதுமையையும் கூறி, தொகுதியை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டினார். அரசு 2,621 தகடுகளை 10,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டது. பெருந்தொகை அன்று அது என்று இன்று நினைக்கத் தோன்றும். அட்ஜேக்கோ, தகடுகள் உடையா, தொலையா என்னும் உறுதி கிடைத்ததே பெரிது.

அதன்பின் அவர் படங்களில் ஒரு மாற்றம் காணப்படுகின்றது. எவரும் கேளாத படங்களை, விற்குமா என்று எண்ணாமல் எடுக்கலானார். சான் குலூ என்னும் அரச பூங்காவிற்கும் வெர்சேல்சுக்கும் மீண்டும் மீண்டும் சென்றார். முன்பு எடுத்த மரத்தையே மற்றொரு பருவத்தில் எடுத்தார். வெட்டவெளியில் வேரெல்லாம் புறந்தோன்ற நிற்கும் ஒரு கிழமரம், நீரில் தலைகீழாகத் தெரியும் மரவரிசை, பாசி படர்ந்த கற்சிலை ஆகியவையே பொருள்கள். முன்னாளில் படத்தின் இருளைக் குறையாகக் கருதியவரே, இப்போது இருளை நிறைத்து ஒளியைச் சிறிதாகப் பெய்தார். 1924-ஆம் ஆண்டில் ஆஞ்சூ என்னும் ஆற்றுத்துறையை அவர் எடுத்தது காலை 6 மணிக்கு. 1925-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பேணுவாரின்றிக் காடாகக் கிடந்த சோ என்னும் பூங்காவில் அறுபதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். மார்ச்சுத் திங்கள் காலை 7 மணி என்று நேரத்தையும் குறித்திருக்கின்றார். அறுபத்தெட்டு வயதுக் கிழவர் நகருக்கு வெளியே உள்ள அவ்விடத்தில் அந்நேரத்தில் பெட்டியுடன் நிற்க வேண்டுமாயின், எப்போது கண்விழித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். கையிலே அடங்கி விரைந்து இயங்கும் லைக்கா என்னும் சிறு கருவி செருமனியில் விற்பனைக்கு வந்ததும் அதே 1925-ஆம் ஆண்டில்தான்.

நகரத்துத் தெருக்களையும் அவர் மறந்தாரில்லை. கோப்லேன் பெருஞ்சாலையில் ஓர் ஆடைக் கடை. கண்ணாடிப் பலகணிக்குள் புத்தாடை அணிந்த பொம்மைகள் புன்னகையுடன் நிற்கின்றன. அதே கண்ணாடியில் எதிர்ப்புறத்து மாளிகையும் மரக்கிளைகளும் நிழலாக விழுந்திருக்கின்றன. உள்ளிருக்கும் பொம்மையும் வெளியிலிருக்கும் மரமும் ஒரே தகட்டில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது உள்ளே, எது வெளியே என்று காண்போர் திகைப்பர்.

அத்திகைப்பை விரும்பிய இளைஞர் கூட்டம் ஒன்று அக்காலத்துப் பாரிசில் இருந்தது. கனவையும் நனவையும் கலந்து கலை படைக்க முயன்ற அவர்களை மிகையியல்பு நெறியினர் என்பர். அவர்களுடன் பழகியவரும் அமெரிக்கருமாகிய மான் ரே என்னும் நிழற்படக் கலைஞர், அட்ஜே வாழ்ந்த தெருவிலேயே குடியிருந்தார். அவர் அட்ஜேயின் படங்கள் சிலவற்றை வாங்கினார். 1926-ஆம் ஆண்டில் அவர்கள் நடத்திய இதழின் அட்டையில், கதிரவன் மறைப்பைக் காணும் மக்களின் படம் வெளிவந்தது. தம் பெயரை அதில் இடவேண்டா என்றும், தாம் எடுப்பவை வெறும் ஆவணங்களே என்றும் அட்ஜே கூறிவிட்டார். முதியவர்க்கும் இளைஞர்க்கும் இடையே கருத்து ஒருமை இருந்தது என்று கொள்ளுவதற்கில்லை. ஆயினும் அவரைத் தேடிக் கண்டது அவர்கள் கண்ணே ஆகும்.

மான் ரேயிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் பெரனீஸ் அபட் என்னும் அமெரிக்க நங்கை. 1925-ஆம் ஆண்டில் அட்ஜேயின் படங்களை முதன்முதலாகக் கண்ட அவர், அவற்றை மறக்க முடியாதவரானார். முதியவரின் வீட்டுக்கு அடிக்கடி சென்று, தம் சிறு வருவாயில் இயன்றமட்டும் படங்களை வாங்கினார். 1926-ஆம் ஆண்டு சூன் திங்களில் வாலன்டீன் அம்மையார் காலமானார். நாற்பது ஆண்டுத் துணையை இழந்த அட்ஜே தளர்ந்துபோனார். எடுத்த படங்களும் மிகச் சிலவாயின.

1927-ஆம் ஆண்டில் அபட் அம்மையார், தம் படப்பிடிப்பு நிலையத்திற்கு வருமாறு அட்ஜேயை அழைத்தார். வாழ்நாள் முழுவதும் பிறவற்றைப் படம் எடுத்தவரைத் தாம் படம் எடுக்க விரும்பினார். ஒட்டுப்போட்ட பழைய உடையுடன் வருவார் என்று அம்மையார் எதிர்பார்த்திருக்க, அவரோ நல்ல மேலாடை ஒன்றை அணிந்து வந்தார். அந்தப் பழைய உடையிலேயே எடுக்காமற் போனோமே என்று அம்மையார் பின்னர் வருந்தியதுண்டு. கூன் விழுந்த தோளும், பேச்சை நிறுத்திவிட்ட வாயும், களைத்தும் கூர்மை குன்றாத கண்ணும் அப்படங்களில் தெரிகின்றன. படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அவரிடம் காட்டுவதற்காக அபட் அம்மையார் அந்த மாடிப்படிகளில் ஏறினார். வழக்கமாக வாயிலில் இருக்கும் பலகையைக் காணவில்லை. வாயில் காப்போரை உசாவியபோது, அட்ஜே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் உயிர் நீத்த நாள் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4.

அட்ஜே அஞ்சியது நிகழ்ந்துவிடும் போலிருந்தது. அரசினர் வாங்கியவை போக எஞ்சிய தகடுகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றின் பொறுப்பு, அவரோடு மேடையில் பழகிய பழைய நண்பரும் திரைப்பட இயக்குநருமாகிய ஆந்திரே கல்மெத் என்பவரைச் சார்ந்தது. அவர் ஒரு பகுதியை அரசினரின் காப்பகத்திற்குச் சேர்ப்பித்தார். மற்றவற்றைத் தேடி அபட் அம்மையார் அலைந்தார். கல்மெத்தைக் கண்டுபிடித்து, பலமுறை பேசி, பொருள் திரட்டி, 1928-ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளையும் ஆயிரக்கணக்கான படங்களையும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது, செல்வமும் இல்லை. அடுத்த ஆண்டில் நியூயார்க்குக்குத் திரும்பியபோது அத்தொகுதியும் கடல் கடந்து சென்றது.

எளிதில் உடையும் கண்ணாடிகளை அவர் நாற்பது ஆண்டு காத்தார். 1930-ஆம் ஆண்டில் அட்ஜேயின் படங்கள் ஒரு நூலாகப் பாரிசிலும் லைப்சிக்கிலும் நியூயார்க்கிலும் வெளிவந்தன. அதனைக் கண்ட வாக்கர் எவன்ஸ் முதலிய இளங்கலைஞர்கள், கடைப் பலகையும் வெறுந்தெருவும் படத்திற்குரிய பொருளே என்று தெளிந்தனர். அபட் அம்மையாரும், பாரிசுக்கு அட்ஜே செய்ததை நியூயார்க்குக்குத் தாம் செய்ய முற்பட்டு, மாறிவரும் அந்நகரைப் பெரிய படப்பெட்டியால் பதிவு செய்து 1939-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அட்ஜேயின் புகழைப் பரப்புவதில் செலவிட்ட நாளைத் தம் படங்களுக்கே செலவிட்டிருந்தால் அவர் பெயர் இன்னும் முன்னரே விளங்கியிருக்கும்.

1968-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புதுக்கலை அருங்காட்சியகம் அத்தொகுதியை அவரிடமிருந்து வாங்கியது. அங்குள்ள அறிஞர்கள் அதனை ஆராயத் தொடங்கியபோது, எது முன் எடுத்தது, எது பின் எடுத்தது என்று அறிய வழியின்றி இடர்ப்பட்டனர். அட்ஜே தகடுகளின் ஓரத்தில் கீறி வைத்த எண்களோ ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றின. மரியா மோரிஸ் ஹம்போர்க் என்னும் ஆராய்ச்சியாளர் பாரிசு நூலகங்களில் உள்ள படங்களோடு அவற்றை ஒப்பிட்டு, அட்ஜே ஒவ்வொரு பொருள்வகைக்கும் தனித்தனி வரிசையில் எண் இட்டமையைக் கண்டறிந்தார். அதன்பின் 1981 முதல் 1985 வரை அருங்காட்சியகத்தார் நான்கு பெரிய தொகுதிகளாக அப்படங்களை வெளியிட்டனர். சான் குலூவின் கிழமரம் எந்த ஆண்டில் கிளை இழந்தது, எந்த ஆண்டில் அதன் அருகே மற்றொரு மரம் வெட்டப்பட்டது என்பது வரை அவ்வரிசையில் வைத்துக் காண முடிகின்றது.